அடாப்டரில் பழைய இஎஃப் லென்ஸ்கள்: ஃபோகஸ் சோதனைக் குறிப்பு

கேனான் ஆர்6 என்ற மிரர்லெஸ் கேமரா வாங்கிய கையோடு, அதற்கென்றே வரும் ஆர்எஃப் லென்ஸ்களின் விலையைப் பார்த்தேன். என் பழைய டிஎஸ்எல்ஆருக்கு (உள்ளே மடங்கும் கண்ணாடி வைத்த கேமரா) வாங்கி பீரோவில் இருக்கும் இஎஃப் லென்ஸ்களையே ஓர் அடாப்டர் வைத்து மாட்டிக்கொண்டால் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது. இஎஃப் மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வாய்) சென்சார் வரை 44 மி.மீ., ஆர்எஃப் மவுண்டில் 20 மி.மீ.; மீதி 24 மி.மீ. இடைவெளியை அடைக்கும் வளையமும் மின் இணைப்புகளும்தான் அது. 1987இல் இஎஃப் மவுண்ட் வந்தபோதே ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டதால் இன்றும் வண்டி ஓடுகிறது. நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றைச் சுழற்றும் மோட்டார் கேமரா உடலில் இருந்தது. நிக்கான் மிரர்லெஸ் கேமராவில் அவற்றை மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லாததால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பழைய லென்ஸ் தேடுகிறவர்கள் மோட்டார் எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரிப்பது நல்லது.

முதலில் மாட்டியது 50 மி.மீ. எஃப்/1.8 (எஃப் எண் என்பது ஒளி நுழையும் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிது), இரண்டாம் பதிப்பு. 1990இல் வந்தது, மவுண்ட்கூட பிளாஸ்டிக், எடை 130 கிராம். வேகத்தில் முன்னேற்றம் ஏதுமில்லை. மோட்டார் கரகரவென்று சுற்றுகிறது, வீடியோ எடுத்தால் அந்தச் சத்தமும் பதிவாகிறது. ஆனால் குறி தப்புவதில்லை. டிஎஸ்எல்ஆரில் எஃப்/1.8இல் எடுத்த முகங்களில் கண்ணை விட்டுவிட்டுக் காது மடல் துல்லியமாக விழுந்திருக்கும். அங்கே ஃபோகஸை அளந்தது தனி சென்சார். படம் பதியும் சென்சாரோடு அது மயிரிழை ஒத்துப்போகாவிட்டாலும் காரியம் கெட்டது. இங்கே இரண்டு வேலையும் ஒரே சென்சாருக்கு. டியூப்லைட் வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அக்கா மகளை எடுத்தேன். இமை முடிகளை எண்ணிவிடலாம். அவள் சட்டென்று நிமிர்ந்து சிரித்ததைத்தான் மோட்டாரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

85 மி.மீ. எஃப்/1.8 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வளைய வடிவ யுஎஸ்எம் (அல்ட்ராசோனிக்) மோட்டார், சத்தமும் இல்லை, தயக்கமும் இல்லை. அடாப்டர் இருப்பதே மறந்துபோகிறது.

உண்மையான சோதனை 400 மி.மீ. எஃப்/5.6 எல். பறவையின் கண்ணை ஆர்6 தானே கண்டுபிடித்துக் கட்டம் போடுகிறது. பறக்கும் கொக்கைக்கூட இந்தப் பழைய மோட்டார் விடாமல் தொடர்ந்தது. சிக்கல் வேறு இடத்தில். மின்கம்பியில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. ஃபோகஸ் அதைத் தாண்டிப் பின்னாலிருந்த தென்னங்கீற்றுக்குப் போய் அங்கேயே நின்றுகொண்டது. பறவை முழுவதும் மங்கிப்போனால் சென்சாருக்குப் பிடி கிடைப்பதில்லை. லென்ஸ் முனைக்கு முனை அலைகிறது, அல்லது அசையாமல் கிடக்கிறது. இரண்டு காரியம் கைகொடுத்தன. லென்ஸின் பக்கவாட்டில், இத்தனை மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் தேடாதே என்று சொல்லும் பொத்தான் உண்டு; அதை 3.5 மீட்டரிலிருந்து 8.5 மீட்டர் பக்கம் தள்ளியதும் அலையும் தூரம் பாதியாகக் குறைந்தது. ஃபோகஸ் வளையத்தைக் கையால் ஒரு திருகு திருகிப் பறவை ஓரளவு தெரியும்படி செய்தால், மிச்சத்தை அதுவே முடித்துக்கொள்கிறது.

கம்பியிலேயே ஃபோகஸ் வைக்க முயன்றபோது இன்னொன்று பிடிபட்டது. ஆர்6 சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் இடம், வலம் என்றுதான் பிளந்திருக்கிறது. ஆகவே செங்குத்துக் கோடுகளை நன்றாகப் பிடிக்கும், கிடைக்கோடு என்றால் தடுமாறும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்ததும் கம்பியில் ஃபோகஸ் உட்கார்ந்துவிட்டது. பழைய டிஎஸ்எல்ஆரின் நடு ஃபோகஸ் புள்ளி, இரு திசைக் கோடுகளையும் பிடிக்கும் சிலுவை வகை என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டித் தூரத்தைக் கூட்டும் 1.4 மடங்கு எக்ஸ்டெண்டரைச் சேர்த்தால் இந்த 400 மி.மீ. லென்ஸ் 560 மி.மீ., எஃப்/8 ஆகிறது. என் டிஎஸ்எல்ஆரில் அந்தத் துளைக்கு ஆட்டோஃபோகஸே வேலை செய்யாது. ஆர்6இல் வேலை செய்கிறது. வெயில் இருக்கும்வரை குறையொன்றும் இல்லை. அந்தி நெருங்கினால் எக்ஸ்டெண்டரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறேன்.