பழைய பத்திரிகை ஓவியங்களை ஸ்கேன் செய்கிறவர்களுக்கு

முதலில் பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். மறுபக்க எழுத்து நிழலாகத் தெரிவதற்குக் காரணம் ஸ்கேனர் மூடியின் வெள்ளைதான். கறுப்பு அந்த ஒளியைத் திருப்பி அனுப்பாது. தாள் கொஞ்சம் மங்கலாக விழும், படம் திருத்தும் மென்பொருளில் வெளிச்சத்தை மாற்றும் லெவல்ஸில் சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்தது படத்தில் அலை அலையாக வரும் கோடுகள். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கன்னத்துச் சிவப்பு என்பதே மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் புள்ளிகள்தான். வழக்கமாக இந்தப் புள்ளி வரிசைகள் சயான் (பச்சை கலந்த நீலம்) 15, மெஜந்தா 75, மஞ்சள் 0, கறுப்பு 45 டிகிரிச் சாய்வில் அச்சாகும். நாலும் சேர்ந்து குட்டி ரோஜாவாக மலரும். அவ்வளவு அழகு! 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) எடுத்தால் ஸ்கேனரின் பிக்சல் கட்டமும் இந்தப் புள்ளி வரிசையும் மோதி அலை எழும். 600இல் எடுங்கள். படத்தை லேசாக மங்கலாக்கும் காஸியன் பிளர் 1.5 முதல் 2 பிக்சல், பிறகு பாதியாகச் சுருக்குங்கள், கடைசியில்தான் ஷார்பன். முதலிலேயே ஷார்பன் செய்தால் ஓவியத்துக்குப் பதில் புள்ளிகள்தான் கூர்மையாகும்.

கறுப்பு மையில் தீட்டிய கோட்டோவியத்துக்கு மட்டும் பிளர் வேண்டவே வேண்டாம், தூரிகை மெலிந்து முடியும் நுனி கரைந்துவிடும். மூல ஸ்கேனை, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாகவே வைத்திருங்கள்.