நாலு நாபும் ஃபுல்: பிளட்பாத்தின் 2002 ஆல்பமும் அந்த ரம்பச் சத்தமும்

சைட் புராஜெக்ட் ஆல்பம் என்றாலே மிச்சம் மீதி ரிஃப்களை (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிகளை) சேர்த்துக் கட்டிய மூட்டை என்று ஒரு சந்தேகம் வரும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஸ்வீடனின் டெத் மெட்டல் குழுவான பிளட்பாத்தின் 'ரிசரக்‌ஷன் த்ரூ கார்னேஜ்' அந்தக் கணக்கில் சேராது. 1990 வாக்கில் ஸ்டாக்ஹோமில் இருந்த ஒரு கிட்டார் சத்தத்தை மறுபடி எழுப்ப வேண்டும், அதற்கு மேல் எந்தப் புதுமையும் வேண்டாம் என்று முடிவு கட்டி 2002-இல் போட்ட ஆல்பம் அது. தலைப்பே அதைத்தான் சொல்கிறது.

பிளட்பாத்துக்கு ஆட்கள் வந்த ஓபெத்தும் கேட்டடோனியாவும் முன்பிருந்தே கொடுக்கல் வாங்கல் உள்ள ஸ்வீடன் மெட்டல் குழுக்கள். கேட்டடோனியாவின் யோனாஸ் ரெங்க்செவுக்குத் தொண்டை ஒத்துழைக்காமல் போனதால், 1996-இல் வந்த கேட்டடோனியா ஆல்பமான 'பிரேவ் மர்டர் டே'யில் குரோலிங் (அடித்தொண்டை உறுமல்) முழுவதையும் ஓபெத்தின் மிக்கேல் ஓகர்ஃபெல்ட்தான் பாடினார். அது பதிவானது டான் ஸ்வானோவின் யூனிசவுண்ட் ஸ்டுடியோவில். கிட்டார் ஆன்டர்ஸ் நூஸ்ட்ரோம். ஆக, 1998-இல் பிளட்பாத் தொடங்குவதற்கு முன்பே அதன் நால்வரும் ஒரே வேலையில் கை வைத்துவிட்டார்கள். கேட்டடோனியாவில் டிரம்ஸ் வாசித்த ரெங்க்செ இங்கே பேஸ் எடுத்துக்கொண்டார். ஸ்வானோ டிரம்ஸில் உட்கார்ந்தார். முதலில் 'பிரீடிங் டெத்' என்று மூன்று பாட்டு ஈ.பி. (குறு ஆல்பம்), அதன் பிறகு இந்த ஆல்பம்.

இனி அந்தச் சத்தம். அது வந்தது ஒரு பெடலிலிருந்து, அதாவது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் மாட்டிக் காலால் மிதிக்கிற டிஸ்டார்ஷன் பெட்டி. பாஸ் கம்பெனியின் அந்த ஹெச்எம்-2 ஹெவி மெட்டல் பெடல் 1983-இல் வந்தது, 1991-இல் உற்பத்தி நின்றது. நிஹிலிஸ்ட், என்டூம்ட், டிஸ்மெம்பர் என்ற ஸ்டாக்ஹோம் டெத் மெட்டல் குழுக்களின் ஆட்கள் அங்கே சன்லைட் ஸ்டுடியோவில் தாமஸ் ஸ்கூக்ஸ்பெரியிடம் பதிவு செய்தபோது இதன் நாலு நாபையும் கடைசி வரை திருகி வைத்தார்கள். என்டூம்டின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' 1990, டிஸ்மெம்பரின் முதல் ஆல்பம் 1991. மரம் அறுக்கும் ரம்பம் போன்ற அந்த ஓசைக்குப் பெயரே 'செயின்சா டோன்' என்றாகிவிட்டது. பெடல் கடையை விட்டுப் போகிற நேரத்தில்தான் அதன் உண்மையான பயன் தெரிந்தது என்பது ஒரு வேடிக்கை.

நாபுகள் நாலு: லெவல், கலர் மிக்ஸ் லோ, கலர் மிக்ஸ் ஹை, டிஸ்ட். இதில் ரகசியம் டிஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நடுவில் இருக்கிற இரண்டு கலர் மிக்ஸ்தான். லோ சுமார் 87 ஹெர்ட்ஸைத் தூக்குகிறது. ஹை என்று எழுதியிருந்தாலும் அது ட்ரெபிள் (உச்ச ஒலி) அல்ல. 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டி 960, 1280 என்று இரண்டு இடங்களில் மேடு போடுகிறது. அதாவது அது மிட் (நடு ஒலி). ரம்பத்தின் பல் அங்கேதான் இருக்கிறது. மெட்டல் என்றால் மிட்டைக் குறைக்க வேண்டும் என்று பழகிய கை, ஆம்பில் மிட்டைக் குறைத்துவிட்டு "பெடல் சரியில்லை" என்று விற்கப் போகும். குறைக்காதீர்கள்.

ஆம்பை எப்படி வைப்பது? கெயின் (ஆம்பே சேர்க்கிற கரகரப்பு) குறைவாக, கிட்டத்தட்ட க்ளீனாக. பெடலே முழு டிஸ்டார்ஷன் தருகிறது; ஆம்பும் சேர்ந்து உறுமினால் ரிஃப் கஞ்சியாகிவிடும். பேஸ் நாபைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள், 87 ஹெர்ட்ஸ் ஏற்கெனவே பெடலிலிருந்து வருகிறது. மிட் பாதி அல்லது கொஞ்சம் மேலே. ட்ரெபிள் உங்கள் ஸ்பீக்கரைப் பொறுத்தது. லெவல் ஃபுல்லில் இருப்பதும் சும்மா இல்லை, ஆம்பின் முன்பகுதியை அது தள்ளிவிடுகிறது. ஆனால் பெடலை நேரே கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகினால் இதே லெவல் இன்புட்டைக் கிழித்துவிடும். அங்கே லெவலை இறக்கித்தான் ஆக வேண்டும், கூடவே ஆம்ப் சிமுலேஷனும் கேபினெட் இம்பல்ஸும் (ஆம்பையும் ஸ்பீக்கர் பெட்டியையும் போலச் செய்யும் மென்பொருள்) கட்டாயம். ஸ்பீக்கர் இல்லாத ஹெச்எம்-2 தகரத்தில் அடைத்த தேனீக் கூட்டம்.

பழைய பெடல் வாங்குகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது கரண்ட். பெடலில் அடாப்டர் வகை 'ஏசிஏ' என்று அச்சிட்டிருக்கும். அது 12 வோல்ட் பழைய வகை. இன்று எல்லோரிடமும் இருக்கிற 9 வோல்ட் ரெகுலேட்டட் அடாப்டரை அதில் தனியாகச் செருகினால், உள்ளே இருக்கிற ரெசிஸ்டரும் டயோடும் வோல்டேஜை இன்னும் இறக்கிவிடும். எல்.இ.டி. மங்கலாக எரியும், சத்தம் சப்பென்று இருக்கும். பெடல் கெட்டுவிட்டதாக முடிவு கட்டுவதற்கு முன் ஒரு 9 வோல்ட் பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். பேட்டரி நேரே போகிறது, அதனால் சரியாக வேலை செய்யும். பழசு தேடி அலைய விருப்பமில்லை என்றால், 2021-இல் பாஸே ஹெச்எம்-2டபிள்யூ என்று வாஸா கிராஃப்ட் வரிசையில் மறுபடி விட்டது. அதில் ஸ்டாண்டர்ட் மோடு பழைய சத்தத்துக்கு. பெஹ்ரிங்கரின் ஹெச்எம்300 பிளாஸ்டிக் டப்பா, மிதித்தால் பயமாக இருக்கும், ஆனால் ரெக்கார்டிங்குக்குத் தாராளமாகப் போதும்.

வாசிக்கும் முறையும் மாற வேண்டும். இவ்வளவு டிஸ்டார்ஷனில் மூன்று சுரக் கார்டு எடுபடாது. சுரங்கள் ஒன்றோடொன்று மோதி இல்லாத சுரங்கள் கிளம்பும். இரண்டு தந்தி பவர் கார்டு, ஒற்றைத் தந்தி ட்ரெமலோ (ஒரே சுரத்தை வேகமாக மீட்டுவது), இவ்வளவுதான். இந்த வகை ரிஃப்கள் அப்படி எழுதப்பட்டதற்கு ஒரு காரணம் இந்தப் பெடலேதான் என்பேன். பிரிட்ஜ் பக்க ஹம்பக்கர் பிக்கப். அடித்தந்தியை பி சுரத்துக்கு இறக்கி டியூன் செய்தால், தந்தி நீளம் 25.5 அங்குலம் உள்ள கிட்டாருக்கு அது 60 அல்லது 62 கனத்தில் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) இருக்கட்டும். மெல்லிய தந்தி போட்டால் பிக் பட்டதும் சுருதி மேலே ஓடித் திரும்பும், டிஸ்டார்ஷன் அதைப் பெரிதாக்கிக் காட்டும். தந்தி மாற்றிய கையோடு இன்டொனேஷனையும் (கழுத்து முழுக்கச் சுருதி சேர்வதை) சரி பார்த்துவிடுங்கள்.

இரைச்சலுக்கு நாய்ஸ் கேட், அதாவது வாசிக்காதபோது ஒலியை அடைக்கிற கருவி. பெடலுக்குப் பின்னால் மட்டும் வைத்தால் இரைச்சல் எது, அணைகிற சுரம் எது என்று கேட்டுக்குப் புரியாது. செண்ட்-ரிட்டர்ன் (வெளியே போய்த் திரும்பும் இரண்டு சாக்கெட்) உள்ள கேட்டாக இருந்தால் கிட்டார் முதலில் கேட்டுக்குள் போக, பெடலை அந்த லூப்பில் மாட்டுங்கள்.

பதிவில் கிட்டார் இடது ஒன்று, வலது ஒன்று, இரண்டும் தனித்தனியாக வாசித்த டேக். ஒரே டேக்கை நகலெடுத்து இரண்டு பக்கமும் போட்டால் அது மோனோதான், சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. நாலு டேக் வரை போகிறவர்கள் உண்டு. இந்தப் பெடலில் கை துல்லியமாக இல்லையென்றால் வெறும் இரைச்சலே மிஞ்சும். கிட்டாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு அந்த இடத்தை பேஸுக்கு விட்டுக் கொடுங்கள், மேலே 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு வெட்டு. கிட்டாரும் பேஸும் 87 ஹெர்ட்ஸில் சண்டை போட்டால் கிக் டிரம் காணாமல் போகும்.

டிரம்ஸில் பிளாஸ்ட் பீட்டை (விடாமல் அதிவேகமாக அடிக்கும் தாளம்) விட டி-பீட் முக்கியம். டிஸ்சார்ஜ் என்ற இங்கிலாந்து பங்க் குழுவிடமிருந்து ஸ்வீடனுக்குப் போன தாளம் அது. எட்டு எண்ணிக்கையில் 1, 4, 6-இல் கிக். 3, 7-இல் ஸ்னேர். நாலாவது எண்ணிக்கைக் கிக் கொஞ்சம் பிந்தினாலும் ஓட்டம் நொண்டும். புரோகிராம் செய்கிறவர்கள் எல்லா அடியையும் ஒரே பலத்தில் வைத்துவிடுவார்கள். 4, 6 கிக்குகளை ஒரு துளி குறைத்தால் முன்னால் சாய்ந்து ஓடுகிற உணர்வு வரும்.

அடுத்த ஆல்பமான 'நைட்மேர்ஸ் மேட் ஃப்ளெஷ்' 2004-இல் வந்தபோது ஹிப்போக்ரசி என்ற ஸ்வீடன் குழுவின் பீட்டர் டெக்ட்கிரேன் பாடினார், மார்ட்டின் ஆக்ஸன்ரோட் டிரம்ஸுக்கு வர ஸ்வானோ கிட்டாருக்கு மாறினார். சத்தமும் சுத்தமாகிவிட்டது. பலருக்கு அதுதான் பிடித்த ஆல்பம், 'ஈட்டன்' பாட்டுக்காகவே. ஆனால் செயின்சா டோனுக்கு மாதிரி தேடுகிறவர்கள் 2002-க்குத்தான் போக வேண்டும். 'சோ யூ டை' பாட்டை உங்கள் பதிவுக்குப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். அதற்கு முன் ஆல்பத்தின் ஒலியளவை உங்கள் மிக்ஸ் அளவுக்கு இறக்கிச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முன் செய்யும் கடைசி ஒலி மெருகில்) ஏறிய சத்தத்தைப் பார்த்துவிட்டுச் சரியாக இருந்த டோனைப் போட்டுக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.