கோயில்களுக்கு லீவு விட்டு கியோட்டோ பல்கலைக்கழகம் போன நாள்

கியோட்டோவில் இரண்டு நாள் கோயில் கோயிலாகச் சுற்றியதில் சலிப்பு தட்டிவிட்டது. மூன்றாம் நாள் தெமாச்சியானகி ஸ்டேஷனில் இறங்கி, காமோ ஆற்றின் குறுக்கே ஆமை வடிவில் போட்டிருக்கும் கற்களில் சின்னப் பிள்ளைகளோடு அக்கரை வரை தாவித் திரும்பிவிட்டு, கிழக்கே நடந்தேன். பல்கலைக்கழக வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எதிரே ஒரு பெரிய கற்பூர மரம், இவர்களுடைய சின்னமே அதுதான், பின்னால் 1925-இல் கட்டிய கடிகார கோபுரம்.

1897-இல் தொடங்கிய இடம். ஜப்பானின் முதல் நோபல் இங்கே படித்த இயற்பியலாளர் யுகவாவுக்கு, 1949-இல். கூடப் படித்த தோமோனாகாவுக்கு 1965-இல். ஒரே வகுப்பில் இரண்டு பேர்!

எனக்குப் பிடித்தது இந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆராய்ச்சியாளர் யாமானகாவின் கதை. அறுவை சிகிச்சையில் கை மெதுவாம், சீனியர்கள் 'ஜாமானகா' என்று கூப்பிடுவார்களாம்; 'ஜாமா' என்றால் இடைஞ்சல். மனுஷர் ஆராய்ச்சிக்கு வந்துவிட்டார். முதிர்ந்த செல்லை மறுபடி கருவின் செல் மாதிரி ஆக்க முடியுமா என்பது கேள்வி. 24 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள், தனித்தனியாகச் செலுத்தினால் எதுவும் பலிக்கவில்லை, மொத்தமாகச் செலுத்தினால் பலித்தது. சரி, இதில் எது முக்கியம்? ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதி 23-ஐச் செலுத்திப் பார்த்தார்கள். சாம்பாரில் எதைப் போடாவிட்டால் ருசி கெடுகிறது என்று பார்ப்பதுபோலத்தான். கழித்துக் கழித்துக் கடைசியில் நின்றது நாலே நாலு. எலி செல்லில் 2006-இல், மனித செல்லில் 2007-இல், நோபல் 2012-இல். அப்படி மாற்றிய செல்லுக்குப் பெயர் ஐ.பி.எஸ். செல். அதற்கான ஆய்வு மையம் பல்கலைக்கழக மருத்துவமனைப் பக்கம் இருக்கிறது, வெளியே நின்று போட்டோ எடுத்ததோடு சரி.

நோய் எதிர்ப்பு செல்லுக்கு பிரேக் போடும் பி.டி.-1 புரதத்தை 1992-இல் ஹோன்ஜோ என்ற ஆராய்ச்சியாளரின் குழு கண்டுபிடித்ததும் இங்கேதான். அந்த பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் இன்று புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகின்றன.

கிளம்பும்போது வளாகக் கடையில் 'சோச்சோ கறி' பெட்டி ஒன்று வாங்கினேன். சோச்சோ என்றால் பல்கலைக்கழகத் தலைவர், நம்மூர் துணைவேந்தர் மாதிரி. துணைவேந்தர் பெயரில் குழம்பு! ராத்திரி அறையில் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். கெட்டியாக, லேசான தித்திப்போடு, காரமே இல்லை. பையிலிருந்த ஊறுகாய் பாக்கெட்டைப் பிரித்துவிட்டேன்.