1563 ஓவிட்: ஒரு தாள் குறைந்த புத்தகத்தை வாங்கிய அனுபவம்

பழைய லத்தீன் கவிதைகளின் படப் பதிப்புகளில் மனம் விழுந்தவர்கள் முதலில் ஆசைப்படுவது பெரும்பாலும் 1502ஆம் ஆண்டில் வந்த, ரோமானியக் கவி வெர்ஜிலின் நூலுக்குத்தான். ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் யோஹான் குரூனிங்கர் அச்சிட்டது. செபாஸ்டியன் பிரான்ட் பதிப்பித்தது. இருநூறுக்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள் அதில் உண்டு. டிராய் வீரர்கள் அந்தக் காலத்து ஜெர்மன் நகரத்தாரின் உடையில் நிற்பார்கள். யார் யார் என்று பக்கத்திலேயே பெயரும் பொறித்திருக்கும். முழுமையான பிரதி ஏலத்துக்கு வந்தால் விலை பல்லாயிரம் யூரோவுக்குப் போகும். மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு அது நூலகத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டிய புத்தகம். வேலை நிமித்தம் ஜெர்மனியில் வசிக்கும் நான் சொந்தமாக வைத்துக்கொள்ளத் தேடியது வேறொன்று: 1563இல் பிராங்க்பர்ட்டில் வெளியான, ஓவியர் விர்கில் சோலிஸின் படங்கள் கொண்ட, ரோமானியக் கவி ஓவிடின் கதைநூல்.

இந்தப் படங்களுக்கு ஒரு முன்கதை உண்டு. 1557இல் லியோன் நகரத்தில் ழான் த தூர்ன், பெர்னார் சலமோன் வரைந்த 178 சிறு படங்களோடு ஓவிடின் 'உருமாற்றங்கள்' கதைகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் அந்தப் படங்களைப் பார்த்து வரைந்தது. நியூரம்பர்க்கில் இருந்த சோலிஸும் வரைந்தார். பார்த்தபடியே கட்டையில் வரைந்து செதுக்கினால் அச்சில் இடவலம் மாறிவிடும் என்பதால், அவருடைய படங்களில் பெரும்பாலானவை சலமோனின் படங்களுக்குக் கண்ணாடி பிம்பமாக இருக்கின்றன. லியோன் பதிப்பில், மரமாக மாறும் பெண்ணான டாப்னே எந்தப் பக்கம் ஓடுகிறாளோ, பிராங்க்பர்ட்டில் அதற்கு எதிர்ப்பக்கம் ஓடுகிறாள். சோலிஸ் 1562இல் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு பதிப்பாளர் சீக்மண்ட் ஃபையர்ஆபெண்டும் கூட்டாளிகளும் அந்தக் கட்டைகளை வைத்து ஒன்றுக்கு மேற்பட்ட நூல்களைக் கொண்டுவந்தார்கள். போஸ்தியுஸ் என்ற கவிஞரின் நாலடிச் செய்யுள்கள் சேர்ந்தது ஒன்று. ஆக்ஸ்பர்க்கைச் சேர்ந்த யோஹான் ஸ்பிரெங் எழுதியது இன்னொன்று: ஒவ்வொரு கதைக்கும் ஒரு படம், உரைநடையில் கதைச் சுருக்கம், லத்தீன் செய்யுளில் விரிவு, அதன்பின் உட்பொருள். ஓவிடின் சொந்த வரிகள் வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. ஓவிடைப் பதினாறாம் நூற்றாண்டு எப்படிப் படித்தது என்று அறிய விரும்பும் எனக்கு ஸ்பிரெங்தான் வேண்டியிருந்தது.

வாங்கப் போவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இதைச் செய்யாமல் யாரும் கடைவாசலை மிதிக்கக்கூடாது என்பேன். முழுமையான பிரதியில் என்னென்ன தாள்கள், எந்த வரிசையில் இருக்கவேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். ஜெர்மன் மொழி நிலத்துப் பதினாறாம் நூற்றாண்டு அச்சு நூல்களுக்கென்றே 'VD 16' என்ற பட்டியல் இருக்கிறது. பல நூல்களை மியூனிக்கில் உள்ள பவேரிய அரசு நூலகம் பக்கம் பக்கமாக இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அதை வைத்து ஒரு நோட்டில் பாரம் பாரமாக, அதாவது ஒன்றாக மடித்துத் தைத்த தாள்கட்டு ஒவ்வொன்றாக, குறித்துக்கொண்டேன். எட்டுத்தாள் மடிப்பு நூலில் ஒரு பாரத்துக்கு எட்டுத் தாள். அடியில் A, A2, A3 என்று எழுத்துக் குறி வரும். பாரத்தின் பிற்பகுதித் தாள்களில் குறி இருக்காது. அகரவரிசையும் அன்றைய லத்தீன் வரிசை, 23 எழுத்து. J இல்லை, U இல்லை, W இல்லை. இது தெரியாதவருக்கு I முடிந்து K வந்ததும் ஒரு பாரம் காணாமல் போனதுபோல் தோன்றும்.

நான் முதலில் பார்த்த பிரதி ஓர் ஏலத்தில் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட சிவப்புத் தோல் அட்டை, பொன் விளிம்பு, தாள்களெல்லாம் கழுவி வெளுத்தது. பட்டியலில் 'முழுமையானது' என்று அச்சிட்டிருந்தார்கள். ஏலத்துக்கு முன் பார்வையிடும் நாளில் ஒரு மேசையில் உட்கார்ந்து நோட்டை விரித்தேன். எண்ணிக்கை சரியாகவே வந்தது. ஆனால் நடுப்பகுதியில் ஒரு புழு ஓரத்தைத் துளைத்துக்கொண்டு பல தாள்கள் வழியாகப் போயிருந்தது. துளை ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தில், மெல்ல மெல்லச் சிறுத்துக்கொண்டு வந்தது. அதன் நடுவே ஒரு தாளில் மட்டும் துளையே இல்லை. அடுத்த தாளில் மறுபடி துளை. புழு ஒரு தாளைத் தாண்டிக் குதிக்காது.

கைவிளக்கைத் தாளுக்குச் சமமாகத் தாழ்த்திப் பிடித்தேன். மற்ற தாள்களில் ஈய எழுத்தும் மரக்கட்டையும் அழுத்திய பள்ளம் பின்பக்கம் மேடாகத் தெரிந்தது, விரலுக்கும் எட்டியது. இந்தத் தாளின் பின்பக்கம் வழவழவென்று இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கையால் செய்த அந்தக் காலத்துத் தாளில் தெரியவேண்டிய கம்பிக் கோடுகளின் இடைவெளியும் ஒத்துப்போகவில்லை. பின்னாளில் கல்லச்சிலோ வேறு முறையிலோ நகலெடுத்துச் செருகிய தாள். ஊழியரிடம் காட்டினேன். பணிவாகக் கேட்டுக்கொண்டார். பட்டியல் மாறவில்லை, புத்தகம் நல்ல விலைக்கே போனது. ஏலத் தொகைக்கு மேல் கால்பங்குக்குக் குறையாத கட்டணத்தையும் சேர்த்து அதை யாரோ வாங்கிப்போனார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பழுதை மறைத்துவைத்த பிரதியைவிட வெட்டவெளிச்சமாகப் பழுதான பிரதி ஆயிரம் மடங்கு மேல் என்ற முடிவு எனக்கு அன்று உறுதியானது.

அப்படிப்பட்ட பிரதி பிறகு ஒரு பழம்புத்தக வணிகரிடம் கிடைத்தது. மரப்பலகைமேல் இழுத்துக் கட்டிய பன்றித்தோல், அதில் நிறமில்லாமல் அழுத்திய அச்சு வேலைப்பாடு, கொக்கி இரண்டில் ஒன்று போயிருந்தது. ஜெர்மனியில் அந்தக் காலத்துக்கே உரிய கட்டு அது. தாள்களைக் கழுவவில்லை. ஓரங்களில் பழுப்பு ஈரக்கறை, சில படங்களுக்குப் பக்கத்தில் மெல்லிய பேனாவில் லத்தீன் குறிப்புகள். "இதில் ஒரு தாள் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்" என்றார் அவர். இப்படிச் சொல்லும் வணிகரிடம்தான் பணத்தைக் கொடுக்கவேண்டும்.

இருந்தாலும் முழுவதையும் நானே சரிபார்த்தேன். மூன்றாம் காண்டத்தில் ஆக்டியோன் கதை வரவேண்டிய இடத்தில் தாள் இல்லை. நீராடும் டயானா தேவியைப் பார்த்துவிட்டு மானாக மாறியவனின் கதை. எட்டுத்தாள் பாரத்தில் முதல் தாளும் எட்டாம் தாளும் ஒரே காகிதம். இரண்டும் ஏழும், மூன்றும் ஆறும், நான்கும் ஐந்தும் அப்படியே. ஒன்று கழன்று விழுந்தால் அதன் இணையும் ஆட்டம் காணும். இங்கே இணைத்தாள் இறுக்கமாக நின்றது. தையலை ஒட்டி ஒரு விரல்கடை அளவுக்குக் காகிதத் துண்டு எஞ்சியிருந்தது. அதன் விளிம்பு நேர்க்கோடாக இருந்தது. கத்தியால் அறுத்தது. நிர்வாணம் பொறுக்காத பக்திமான் ஒருவரோ, படத்தை மட்டும் விற்க நினைத்த வியாபாரியோ அறுத்திருக்கவேண்டும். எனக்கு இரண்டாமவர்மேல்தான் சந்தேகம். அறுப்பு அத்தனை சுத்தம்.

தலைப்புப் பக்கத்தில் ஒரு மடத்து நூலகத்தின் கையெழுத்துக் குறிப்பும், பிற்கால நூலக முத்திரை ஒன்றும் இருந்தன. முத்திரை கண்டால் அங்கேயே நின்றுவிடவேண்டும். பவேரியாவில் 1803ஐ ஒட்டி மடங்கள் கலைக்கப்பட்டபோது அவற்றின் நூல்கள் அரசு நூலகங்களுக்குப் போயின; இரட்டைப் பிரதிகள் விற்கப்பட்டன. ஆகவே முத்திரை இருப்பது குற்றமில்லை. ஆனால் நூலகமே விடுவித்தது என்பதற்கு அடையாளம் வேண்டும். 2012இல் நேப்பிள்ஸின் ஜிரோலமினி நூலகத்தை அதன் பொறுப்பாளரே சூறையாடியது வெளிவந்த பிறகு இதில் அலட்சியத்துக்கு இடமே இல்லை. இந்தப் பிரதியில் முத்திரைக்கு அருகிலேயே 'இரட்டைப் பிரதி' என்ற இன்னொரு முத்திரை இருந்தது. திருட்டு நூல்களின் பட்டியலிலும் தேடிப் பார்த்தேன். பிறகு நூலகத்துக்கே எழுதி, இது தங்களால் முறைப்படி விற்கப்பட்டதுதான் என்ற பதிலை வாங்கினேன். அந்தப் பதில் வரும்வரை புத்தகத்தை எடுத்துவைக்க வணிகர் ஒப்புக்கொண்டார்.

விலையில் பேரம் எளிதாக முடிந்தது. ஒரு தாள் குறைந்தாலே சேகரிப்பாளர்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள். பாதிக்கும் கீழே வந்தது.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வந்தது. சில மாதங்கள் கழித்து, பழைய படங்கள் விற்கும் ஒரு கடையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதே பதிப்பின் ஆக்டியோன் தாள், தனியாக, சட்டம் போட்டு, விலை கட்டுப்படியாகும் அளவில். எனக்கு வேண்டிய அதே தாள். இரண்டு நாள் அதைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. சோலிஸின் படங்கள் சந்தையில் இப்படி உதிரியாக நிறைய கிடைக்கின்றன. ஒவ்வோர் உதிரித் தாளுக்குப் பின்னாலும் கட்டு பிரித்து, தையல் அறுத்து, கூறு போடப்பட்ட ஒரு புத்தகம் இருக்கிறது. கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்த அந்தக் காகிதம் நானூறு ஆண்டுக்கு மேல் வெள்ளை மாறாமல் தாங்கியிருக்கிறது. அதை ஒரு மதியத்தில் கொன்றுவிடுகிறார்கள். அந்த வியாபாரத்துக்கு என் பணம் ஒரு யூரோவும் போகக்கூடாது என்று முடிவு செய்து வேண்டாமென்று எழுதினேன். இதை ஏற்காத நண்பர்கள் உண்டு. "அறுத்தது அறுத்ததுதான், அந்தத் தாளுக்கு வீடு கிடைக்கட்டுமே" என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனாலும் வாங்க ஆளிருக்கும்வரை அறுக்க ஆளிருக்கும்.

பாதுகாப்பு வேலைக்கு நூல் செப்பனிடும் ஒரு பெண்மணியிடம் கொண்டுபோனேன். கட்டைப் பிரிக்கவேண்டாம், கழுவவேண்டாம், தொலைந்த கொக்கிக்குப் புதிது செய்யவேண்டாம் என்று அவரே சொன்னார். இரண்டு கிழிசல்களை மட்டும் ஜப்பானிய மெல்லிதாளும் கோதுமை மாவுப் பசையும் வைத்து ஒட்டினார். வேண்டுமென்றால் ஈரம் காட்டி எடுத்துவிடக்கூடிய பசை அது. அமிலமில்லாத அட்டையில் ஒரு பெட்டியும் செய்துகொடுத்தார். பெட்டிக்குள் நான் சரிபார்த்த பாரக் கணக்கை எழுதிவைத்திருக்கிறேன்: எந்தத் தாள் இல்லை, எப்படி அறுபட்டது, நூலகத்தின் பதில் கடிதம் எந்த ஆண்டினது என்பதெல்லாம் அதில் உண்டு. நாளை இதை வாங்குகிறவர் என்னைக் கேட்கவேண்டிய அவசியம் இருக்காது. அடுத்துத் தேடிக்கொண்டிருப்பது போஸ்தியுஸின் 1563 பதிப்பு. அதற்கான பாரக் கணக்கு ஏற்கெனவே நோட்டில் ஏறிவிட்டது.