குணசீலம் கணக்கும் டாக்டர் கணக்கும்

போன வருஷம் ஆவணில எங்க அண்ணன் பொண்ணோட ஒரு மனநல ஆஸ்பத்திரில 26 நாள் தங்கியிருந்தேன். பேர் வேணாம், பாப்பான்னே சொல்றேன், 16 வயசு, பிளஸ் ஒன். நாலஞ்சு நாளா தூக்கமே இல்ல, கிளாஸ் பசங்க தன்னைப் பத்தி பேசுறது வீட்டுக்குள்ளயே காதுல கேக்குதுன்னா, கடைசில சாப்பாட்டுல ஏதோ கலந்திருக்கீங்கன்னு தட்டைத் தள்ளிட்டா. அன்னிக்கு ராத்திரி 2 மணிக்கு அண்ணன் 14416க்கு, அதான் டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், போன் போட்டாரு, இனி தள்ளிப் போடாதீங்க காலைல கூட்டிட்டுப் போங்கன்னு அவங்க சொன்னதும்தான் மனுஷன் அசைஞ்சார்.

நான் எப்படி உள்ள வந்தேன்னா, அண்ணி மஸ்கட்ல நர்ஸ், உடனே லீவு கிடைக்கல. நானே கூட இருந்துக்கறேன்னார் அண்ணன், அட்மிஷன்ல அது போதாதுன்னுட்டாங்க. 2017 மனநலச் சட்டத்துல 87வது பிரிவாம், 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையச் சேத்தா கூட ஒருத்தர் கடைசி நாள் வரைக்கும் இருந்தே ஆகணும், பொம்பளப் பிள்ளையா இருந்து பொறுப்பாளர் ஆம்பளையா இருந்தா ஒரு பொம்பள ஆள் இருக்கணும். தையல் மெஷின மூடிட்டு ரெண்டு நைட்டிய பைல போட்டுட்டு கிளம்பிட்டேன்.

முதல் நாள்லேர்ந்து போன்ல எல்லாருக்கும் ஒரே கேள்விதான், எத்தனை நாள் வச்சிருப்பாங்க? (ஒரு மாமா கீழ்ப்பாக்கமான்னு கேட்டுட்டு சிரிச்சார், அதோட அவர் போனை நான் எடுக்கறதில்ல.) எங்கம்மாவுக்கு இன்னும் கோவம். திருச்சி பக்கத்துல குணசீலம் பெருமாள் கோயில்ல மனசு சரியில்லாதவங்கள ஒரு மண்டலம் தங்க வைப்பாங்க, அவங்க அதைத்தான் சொல்வாங்க. "குணசீலத்துல பெருமாள் சன்னதில ஒரு மண்டலம்னா 48 நாள்டி, கணக்குன்னு ஒண்ணு இருக்கு, உங்க டாக்டர் என்ன நாளைக்குப் பாப்போம் நாளைக்குப் பாப்போம்ங்கறார்?"

உள்ள இருந்து பாத்தாதான் தெரியுது நாள் எங்க போகுதுன்னு. முதல்ல ரத்தம், தைராய்டு, ஈஈஜி, தலை ஸ்கேன், வலிப்போ மூளைல வேற கோளாறோ இல்லன்னு பாத்துக்கணும். அப்புறம் மாத்திரை, கொஞ்சமா ஆரம்பிச்சு ஏத்துவாங்க, எங்களுக்கு முதல்ல குடுத்தது கழுத்தை இழுத்துக்கிச்சு, அதை நிறுத்தி வேற மாத்தினாங்க, அதுல ஒரு நாலு நாள் போச்சு. தூக்கம் முதல்ல வந்துச்சு, அப்புறம் பசி, காதுல கேக்குற பேச்சு மட்டும் சீக்கிரம் போகவே இல்ல.

12வது நாள் அண்ணன் வந்து, நல்லாத்தானே தூங்கறா, காலாண்டு வருது, கூட்டிட்டுப் போறேன்னார். அவர் கேட்டா அனுப்பித்தான் ஆகணும், சட்டமே அப்படித்தான். டாக்டர் அதை மறைக்கவும் இல்ல, "அனுப்பிடுவேன் சார், ஆனா அவளுக்கு இன்னும் கேக்குது, நம்மகிட்ட சொல்றத நிறுத்திட்டா, அவ்வளவுதான்"னார். அண்ணன் ரொம்ப நேரம் வராண்டால நின்னுட்டு திரும்பிப் போயிட்டார். அந்த உரிமை இருக்கணும்தான், ஆனா நம்ம ஊர்ல பரிட்சை அட்டவணை கையில இருக்குற அப்பா கிட்ட அது இருக்கேன்னு எனக்கு வயித்தக் கலக்கிச்சு.

கொண்டு வந்து தள்ளிட்டுப் போறவங்களுக்கும் சட்டத்துல பதில் இருக்கு. சேத்த 72 மணி நேரத்துக்குள்ள மனநல மறு ஆய்வு வாரியத்துக்கு தகவல் போகணும், 30 நாள் தாண்டினா திரும்ப சொல்லணும், அவங்க 7 நாளுக்குள்ள பாத்தாகணும், அப்புறம் ஒவ்வொரு 30 நாளுக்கும். ஏர்வாடி மனநலக் காப்பகத்துல 2001ல சங்கிலில கட்டிப் போட்டிருந்தவங்க 28 பேர் தீயில போனாங்களே, அவங்கள்ல யாரு எத்தனை நாளா அங்க இருந்தாங்கன்னு எவனாவது கணக்கு கேட்டிருப்பானா.

18வது நாள் சாம்பார்ல உப்பே இல்ல அத்தைன்னா. கலந்திருக்குன்னு சொல்லல, இல்லன்னு சொன்னா! நான் பாத்ரூம் போய் அழுதுட்டு வந்தேன்.

அந்த வாரமே சனி ஞாயிறு வீட்டுக்கு லீவுல விட்டாங்க, எப்படி இருக்கான்னு பாக்க. சனிக்கிழமை சாயந்திரமே ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா பதினோரு பேர் வந்துட்டாங்க, ஒரு பெரியம்மா கன்னத்தைப் புடிச்சு எங்கள அடையாளம் தெரியுதாடீங்கறாங்க. பாப்பா அன்னிக்கு ராத்திரி கண்ண மூடல. திங்கக்கிழமை போனதும் டிஸ்சார்ஜ் நாலு நாள் தள்ளிப் போச்சு. அந்த நாலு நாள் வியாதிக்கு இல்ல, சொந்தக்காரங்களுக்கு.

ஒரு வழியா 26வது நாள் வீடு. மாத்திரை குறைஞ்சது ஒரு வருஷம், முதல்ல வாரா வாரம் வரணும், வெயிட்டும் சுகரும் பாத்துக்கணும்னு சொல்லி அனுப்பினாங்க. காலாண்டு போச்சு, போகட்டும்.

ஒரு நாள் காலைல அம்மா தினசரி காலண்டர் பின்னாடி பென்சில்ல ஏதோ கூட்டிக்கிட்டு இருந்தாங்க. அங்க 26, வீட்ல 22, ஆக 48, மண்டலம் முடிஞ்சிருச்சு, குணசீலம் போயிட்டு வந்துரலாம்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. மாத்திரை அட்டைய ஹேண்ட்பேக்ல எடுத்து வச்சுக்கிட்டு திருச்சில பஸ் ஏறினோம், முசிறி பஸ்ஸு, பாப்பாவுக்கு ஜன்னல் சீட்.