எல்லாப் பெயரையும் அழித்த வருஷம்

நான் கண்டக்டராக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அரசுப் பஸ்களுக்குப் பெயர் இருந்தது. சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன், எங்கள் மதுரைப் பக்கம் பாண்டியன். 1972-இல் அரசு, தனியார் பஸ்களையும் எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் கழகங்களைத் தொடங்கியபோது வந்த பெயர்கள் இவை. 1974-இல் திருநெல்வேலிக்குக் கட்டபொம்மன் வந்தார். பிறகு நாகர்கோவிலுக்கு நேசமணி, ஈரோட்டுக்கு ஜீவா, விழுப்புரத்துக்குத் தந்தை பெரியார் என்று தலைவர்களின் வரிசை. ஒரு கழகத்தைப் பிரித்தால் புதியதற்கு யார் பெயர் வைப்பது என்பதில் எந்தச் சமூகத்தின் மனம் குளிரும், எங்கே ஓட்டு விழும் என்ற கணக்கும் இருந்தது. சனங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாண்டியன் போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவருவார்கள்.

1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு புதிய கழகம் தொடங்கினார்கள். வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம். சுந்தரலிங்கம் ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கவர்னகிரியைச் சேர்ந்தவர், கட்டபொம்மனின் தளபதி, வெள்ளைக்காரனை எதிர்த்து உயிரை விட்டவர். தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தில் பிறந்தவர் என்பதுதான் சிலருக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். கல்லெறி, மறியல், ஊருக்கு ஊர் மோதல், உயிர்ப்பலி.

அந்த நாட்களில் ஒரு ஸ்டாப்பில் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலை முதல் டிரிப். சந்தைக்குப் போகிற பெரியம்மா ஒருத்தர் கத்தரிக்காய்ச் சாக்கைப் படிக்கட்டில் ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடித்து ஒரு காலும் வைத்துவிட்டார். பின்னால் நின்ற இளவட்டங்கள் பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரைப் படித்தார்கள். ஒருவன் அவர் முந்தானையைப் பிடித்து, "இதுல வேண்டாம் ஆத்தா, அடுத்ததுல போவோம்" என்றான். அடுத்த பஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று நான் சொன்னேன். அந்தம்மா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சாக்கை இறக்கிக்கொண்டார். வெயில் ஏறினால் காய் வாடிவிடும், சந்தையில் விலை போகாது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். டிரைவர் விசிலுக்குக் காத்திருந்தார். ஊத வேண்டியதாயிற்று.

ஜூன் 30 அன்று மதுரை மாவட்டத்து மேலவளவு. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனி ஊராட்சியாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரில் தலைவர் தேர்தலில் நின்று ஜெயித்த முருகேசன், மதுரையில் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அந்தப் பஸ்ஸை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அது தனியார் பஸ். ஆனால் மறுநாள் எங்கள் டிப்போவில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. டிக்கெட் வாங்கி உட்கார்ந்த ஆளை எங்கள் மாதிரி ஒரு கண்டக்டரின் கண் முன்னால் இழுத்துப்போட்டார்கள் என்பதுதான் எல்லார் மனதிலும் ஓடியது.

ஜூலையில் அரசு முடிவெடுத்தது. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர் மொத்தமும் நீக்கம். சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகம், மற்ற ஊர்களில் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், அடைப்புக்குறிக்குள் ஊர் பெயர். பெயிண்டர்கள் டிப்போவுக்கு வந்து எழுத்துகளை அழித்தார்கள். ஒரு கோட்டிங் போதவில்லை. சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தால் பழைய எழுத்தின் மேடு பெயிண்டுக்கு அடியிலிருந்து தெரியும். இரண்டாவது கோட்டிங் அடித்த பிறகுதான் மறைந்தது.

கலவரத்தை நிறுத்த வேறு வழி இல்லை என்றார்கள். அன்று ரோட்டில் ஓடிய எனக்கு அந்த அவசரம் புரிகிறது. எத்தனையோ டிரைவர்களுக்கு மண்டை உடைந்திருந்தது. ஆனால் எல்லாரையும் சமமாக நடத்தினோம் என்று அன்று சொன்னதை நான் ஏற்கவில்லை. பாண்டியனும் பல்லவனும் 25 வருஷம் சனங்கள் வாயில் புழங்கியவை. எழுத்தை அழித்தாலும் வாயிலிருந்து போகவில்லை. இன்றைக்கும் சென்னையில் வயதானவர்கள் பல்லவன் என்றுதான் சொல்கிறார்கள். கட்டபொம்மன் பெயர் 23 வருஷம் ஓடியது. அவருக்காகச் செத்த தளபதியின் பெயரை மூன்று மாதம்கூட ஓடவிடவில்லை. 'சுந்தரலிங்கம் வந்தாச்சா' என்று கேட்கப் பழகுவதற்குள் எடுத்துவிட்டோம். ஒரு பெயரை மறுத்தவர்களிடம் "ஏன் மறுக்கிறாய்?" என்று கேட்பதற்குப் பதில் இருந்த எல்லாப் பெயரையும் அவர்கள் கையில் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு நடந்தவற்றையும் இதோடு சேர்த்தே யோசிக்கிறேன். 2000 பிப்ரவரியில் தர்மபுரியில் வேளாண் பல்கலைக்கழகப் பஸ்ஸைக் கொளுத்தி 3 மாணவிகளைக் கொன்றார்கள். அரசியல் கோபம் வந்தால் நம் ஊரில் முதலில் கல் விழுவதும் தீ வைப்பதும் பஸ்ஸுக்குத்தான். அந்த வழக்கில் தண்டனை பெற்ற மூவரை 2018-இலும், மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 13 பேரை 2019-இலும் விடுவித்தார்கள். இரண்டுக்கும் சொன்ன காரணம் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு. ஒரு தலைவரின் பெயரைக் கொண்டாடுவதற்காக இவர்களை வெளியே விட்டது எனக்கு ஆறாத வருத்தம். செத்தவர்களின் வீட்டார் அன்று எந்த நூற்றாண்டை நினைத்திருப்பார்கள்?

ஓய்வுபெற்ற பிறகும் தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போகிறேன். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் சுறுசுறுப்பானவர்கள், மரியாதை தெரிந்தவர்கள். பஸ்ஸுக்கு முன்பு பெயர் இருந்ததே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. தெரிந்த இரண்டொருவரும் "சாதிச் சண்டை வந்துச்சாம், எடுத்துட்டாங்களாம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யார் பெயரை யார் மறுத்தார்கள் என்பது அவர்களிடம் வந்து சேரவே இல்லை.

கவர்னகிரியில் சுந்தரலிங்கத்துக்கு மணிமண்டபம் இருக்கிறதே என்று கூட்டத்தில் ஒரு நண்பர் சொன்னார். இருக்கிறது. மண்டபத்துக்கு அவரை மதிக்கிறவர்கள் போவார்கள். பஸ்ஸோ எல்லாத் தெருவுக்கும் போகும், எல்லாரும் கை காட்டி நிறுத்தி ஏற வேண்டும். அதனால்தான் பஸ்ஸில் அந்தப் பெயரை அவ்வளவு மூர்க்கமாக எதிர்த்தார்கள். டிப்போப் பயிற்சியில் பிரேக்கும் மைலேஜும் சொல்லிக்கொடுக்கிற நாளில் ஒரு மணி நேரம் 1997-ஐப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். "பழசைக் கிளறாதீங்கண்ணே" என்றார் ஒருவர். அந்த வருஷம் எந்தெந்த ரூட்டில் பஸ்ஸை நிறுத்திவைத்தோம், யார் யாருக்கு அடிபட்டது என்று எழுதி அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன்.