சின்யோராவுக்கு இது ஏழாவது அடக்கம்

ரோம், ஏப்ரல் 21, 2025, திங்கள்

பத்து மணி ஆகவில்லை. நான் பார்த்துக்கொள்ளும் சின்யோராவுக்கு (இத்தாலியில் அம்மாவைப் போன்ற மரியாதைச் சொல்) மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். டிவியில் கர்தினால் ஃபாரெல் நின்றார், பார்த்தவுடனே புரிந்துவிட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் காலை 7.35க்குப் போய்விட்டாராம். நேற்று உயிர்ப்பு ஞாயிறன்றுதான் மாடத்தில் வந்து ஆசீர் கொடுத்து, வண்டியில் சதுக்கத்தைச் சுற்றினார்.

சின்யோரா சிலுவை போட்டுக்கொண்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டாம் பயஸ் முதல் எண்ணினால் இது ஏழு. 1958இல் அவருக்கு 22 வயது. திருத்தந்தையரின் கோடை இல்லமான காஸ்தெல் கந்தோல்போவிலிருந்து பயஸின் உடல் வந்ததை லாத்தரன் பேராலயத்தருகே நின்று பார்த்தாராம். மருத்துவர் புது முறையில் பதப்படுத்துகிறேன் என்று இறங்கி, உடல் கெட்டுப்போன கதையை மூக்கைப் பிடித்தபடி சொன்னார். சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

தன் அடக்கச் சடங்குப் புத்தகத்தைத் தானே திருத்திவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். 2024இல் வந்த பதிப்பு அது. முன்பெல்லாம் சைப்ரஸ், ஈயம், ஓக் என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டிகள். இப்போது ஒரே மரப்பெட்டி, உள்ளே துத்தநாகத் தகடு. இறப்பை உறுதிசெய்வது படுக்கையறையில் இல்லை, சிற்றாலயத்தில். உடலைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் மக்களுக்குக் காட்ட வேண்டும். உயரமான மேடை கூடாது. சுத்தியலால் நெற்றியில் தட்டி ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார்கள் என்று ஊரில் உபதேசியார் சொல்வார். அப்படி எதுவும் இப்போது கிடையாது.

ஏப்ரல் 24, வியாழன்

நேற்றுக் காலை அவர் தங்கியிருந்த சாந்தா மார்த்தா இல்லத்திலிருந்து, புனிதர்கள் பிரார்த்தனை பாடிக்கொண்டு, பெட்டியைப் பேதுரு பேராலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் இன்று இரவுதான் போக முடிந்தது. நாலரை மணி நேரம் வரிசை. முன்னால் நின்ற பெண் மூன்று முறை செல்ஃபி எடுத்தாள். கோபம் வந்தது. அப்புறம் பார்த்தால் அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

உள்ளே பெட்டி லேசாகச் சாய்ந்து, தரையோடு தரையாக இருந்தது. சிவப்புத் திருவுடை (பாப்பரசருக்குத் துக்க நிறம் சிவப்பு), தலையில் மித்ரா, கையில் செபமாலை. பக்கத்தில் பாஸ்கா திரி, சுற்றிலும் சுவிஸ் காவலர்கள். என் கண் காலுக்குப் போனது. தேய்ந்த கருப்பு ஷூ, வழக்கமாகப் போடுகிறதுதான். அதற்குள் “அவாந்தி, அவாந்தி” (முன்னே போங்கள்) என்று நகர்த்திவிட்டார்கள். அரை நிமிடம் இருக்குமா?

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று இத்தாலியின் விடுதலை நாள், எனக்கும் விடுமுறை. இரவு எட்டு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். அது பொதுமக்களுக்கு இல்லை. விவரத்தைச் செய்தியில்தான் கேட்டேன். முகத்தின் மேல் வெள்ளைப் பட்டுத்துணி போட்டு, அவர் காலத்தில் அடித்த நாணயங்களை ஒரு பையில் வைத்தார்கள். வாழ்க்கைக் குறிப்பை லத்தீனில் எழுதி, வாசித்து, குழாயில் சுருட்டி உள்ளே வைத்தார்கள். அவர் 266ஆவது திருத்தந்தை என்பதும் அதில் இருக்கிறது. பிறகு துத்தநாக மூடியைப் பற்றுவைத்து ஒட்டினார்கள். இவ்வளவு செபத்துக்கு நடுவே ஈயப் பற்றுவைக்கும் ஒரு ஆளும் நின்றிருப்பார். அவர் பெயரை எந்தச் செய்தியும் சொல்லவில்லை.

ஏப்ரல் 26, சனி

சதுக்கத்துக்குப் போகவில்லை. 91 வயது கர்தினால் ரே பூசை வைத்ததையும், வெறும் தரைவிரிப்பில் கிடந்த பெட்டியின் மேல் நற்செய்தி நூல் இருந்ததையும் டிவியில் பார்த்தோம். தரையில் வைக்கும் வழக்கம் இவரோடு வந்ததில்லை, 1978இல் ஆறாம் பவுலுக்கே அப்படித்தான் என்று சின்யோரா திருத்தினார். தலைவர்கள் யார் யாரோ வந்திருந்தார்கள். அதை மற்றவர்கள் எழுதுவார்கள்.

பதினொன்றரைக்குச் சின்யோராவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மெருலானா தெருவுக்குப் போனேன். அவரை அடக்கம் செய்யும் மரியா மேஜோரே பேராலயம் அங்கேதான். வத்திக்கானிலிருந்து கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர். கொலோசியத்தைத் தாண்டி வந்தது வண்டி, அவர் நின்றுகொண்டு கையசைக்கும் அதே வெள்ளை வண்டி. பின்பக்கம் திறந்து, பெட்டி தெரிந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். சவ ஊர்வலத்துக்குக் கைதட்டுவது இங்கே வழக்கம். எட்டு வருஷமாகியும் எனக்குக் கை எழுவதில்லை. நான் கும்பிட்டேன். சின்யோரா தட்டினார்.

மரியா பேராலயப் படியில் ஏழைகள், கைதிகள், அகதிகள், திருநங்கைகள் என்று நாற்பது பேர் அளவில் வெள்ளை ரோஜாவோடு காத்திருந்தார்கள். ராஜாக்களும் அதிபர்களும் பூசையோடு சரி. வாசலில் வாங்கிக்கொண்டவர்கள் இவர்கள்தான். அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள்.

ராத்திரி அம்மா தூத்துக்குடியிலிருந்து போன் செய்தாள். “ஒரு பிடி மண்ணாவது போட விட்டாங்களா?”

“இல்லம்மா. உள்ள ஆளுங்க மட்டும்தான்.”

“அது என்ன அடக்கம், மண்ணு போடாம!”

2022இல் எழுதிய உயிலில் அவரும் ‘மண்ணில்’ என்றுதான் கேட்டிருந்தார். எளிமையாக, அலங்காரமில்லாமல், ‘ஃபிரான்சிஸ்குஸ்’ என்ற பெயர் மட்டும் போதும் என்று.

ஏப்ரல் 30, புதன்

கல்லறையைப் பார்த்துவிட்டேன். பவுல் சிற்றாலயத்துக்கும் ஸ்ஃபோர்ஸா சிற்றாலயத்துக்கும் இடையில் ஒரு மாடம். அவருடைய தாய்வழி முன்னோர் ஊரான லிகூரியாவின் கல். மேலே அவர் மார்பில் அணிந்த சிலுவையின் பெரிய வடிவம். ஒற்றை வெள்ளை ரோஜா. இந்தக் கோவிலில் இதற்குமுன் ஒரு திருத்தந்தையை அடக்கியது 1669இல். பயணத்துக்கு முன்னும் பின்னும் இங்கே வந்து மாதா படத்தின் முன் உட்கார்ந்து செபித்தவருக்கு வேறு இடம் தோன்றியிருக்காது.

பெயரின் எழுத்துகளில் இடைவெளி சரியில்லை. அந்த A தனியாக ஒதுங்கி நிற்கிறது. எழுத்துரு செய்கிறவர்கள் உலகம் முழுக்கத் திட்டுகிறார்களாம். சின்யோராவிடம் போட்டோ காட்டினேன். “கல் தச்சனுக்குக் கண்ணாடி இல்லை போல,” என்றார்.

மே 6, செவ்வாய்

ஒன்பது நாள் பூசைகள் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தன. இன்று கர்தினால்கள் கூடி, மீனவர் மோதிரத்தையும் ஈய முத்திரையையும் செல்லாததாக்கினார்கள். இனி யாரும் அவர் பெயரில் கடிதம் போட முடியாது. நாளை கான்கிளேவ், புதுத் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்.

சின்யோரா டிவியை, தேர்தல் முடிவைப் புகையால் சொல்லும் புகைபோக்கிக்கே வைத்திருக்கிறார். எட்டாவதற்குத் தான் இருக்கப்போவதில்லை என்றார். சூப் ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றேன்.